கிடங்குச் சுவரை வெறித்த கடல் தெய்வம்

சீனாவின் அமாய் துறைமுகத்தில் கடலே நகர்ந்தபோதும் நகராத ஒரே மனிதர் கூ பெக்சான். நிலக்கடலைப் பாயசம் விற்பவர். அவருடைய தாத்தா கடை கட்டிய காலத்தில் வாசற்படியில் அலை அடித்தது. பாய்மரக் கப்பல்காரர்கள் படகிலிருந்து நேரே படியேறி வந்து குடித்தார்கள். பிறகு நீராவிக் கப்பல்கள் வந்தன. அவற்றுக்கு ஆழமும் வேண்டும், சரக்கு இறக்க இடமும் வேண்டும். நகரம் மண்ணைக் கொட்டிக் கொட்டிக் கடலைத் துரத்தியது. துரத்திய இடத்தில், பெக்சானின் மூக்குக்கு நேரே, ஓர் அரிசிக் கிடங்கு எழுந்தது.

மற்றவர்கள் புத்திசாலிகள், பின்சந்து கடைத்தெருவானதும் வாசலைத் திருப்பிக்கொண்டார்கள். பெக்சான் மறுத்துவிட்டார். கடையிலிருக்கும் கடல் தெய்வம் மாசோ கடலைப் பார்த்துத்தான் உட்கார வேண்டும் என்பது குல வழக்கம். ஆகவே மாசோ கிடங்குச் சுவரைப் பார்த்தாள். துணைக்குப் பெக்சானும் பார்த்தார். வாடிக்கையாளர்கள் பின்பக்கமாக, அவர் மனைவி சியோக்கின்னின் அடுப்பையும் கொடியில் தொங்கும் ஈரத்துணிகளையும் தாண்டி வந்தார்கள்.

அப்போதுதான் புதிய கப்பல்துறைக்கு அகலச் சாலை என்று நகராட்சி அறிவித்தது. இடிபடப்போவது கடையா, கிடங்கா? கிடங்கு முதலாளியோ பெரிய கை. பெக்சானுக்குச் சோறு இறங்கவில்லை.

"இப்பவாவது சந்துல ஒரு இடத்தைப் பிடிங்க. இடிச்சப்புறம் பானையைத் தூக்கிட்டு எங்க ஓடுறது?" என்றாள் சியோக்கின்.

"மாசோகிட்ட கேட்டுட்டுச் சொல்றேன்."

பிறை வடிவ மரக்கட்டைகள் இரண்டைத் தரையில் போட்டார். ஒன்று கவிழ்ந்து ஒன்று மல்லாந்தால் சம்மதம். இரண்டும் மல்லாந்தன. தெய்வம் சிரிக்கிறது என்று பொருள். மறுபடி போட்டார். மறுபடியும் சிரிப்பு.

"சிரிக்காம என்ன பண்ணுவா? கடலைக் காட்டுறேன்னு அரிசி மூட்டையைக் காட்டினா!"

"மெதுவாப் பேசுடி, அவ காதுல விழும்."

"விழட்டும். அவ மனசுல இருக்கிறதைத்தானே சொல்றேன்."

மறுநாள் காலை சாலை மேஸ்திரி சுண்ணாம்புக் கோடு இழுத்துக்கொண்டு வந்தார். கோடு வாசற்படியைத் தொட்டதும் பெக்சான் கண்களை இறுக மூடிக்கொண்டார்.

"பாயசக்காரரே, கண்ணைத் தொறங்க. உங்க படிக்கட்டு மட்டும்தான் போகுது. துறைக்குச் சாலை நேரா போகணுமாம், கிடங்கு மொத்தமும் காலி!"

கிடங்கு விழுந்தது. புழுதி அடங்கியபோது, சாலையின் கோடியில் புகைபோக்கிகளும், அவற்றுக்கடியில் சாட்சாத் கடலும் தெரிந்தன. சியோக்கின் ஈரத்துணியால் மாசோவின் முகத்தைத் துடைத்துவிட்டு, "அப்பாடா" என்று வாசலிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

"கடல் எங்கடி போயிடும்? எனக்கு அப்பவே தெரியும்" என்றார், நேற்றுவரை சோறு இறங்காதவர்.

வாசல் இப்போது நகரத்தின் பெரிய சாலையில் இருக்கிறது. இருந்தும் மூட்டை தூக்கும் ஆ புய் அடுப்படி வழியாகத்தான் நுழைகிறான்.

"முன்வாசல்ல வந்தா யாரோட கடைக்கோ வந்த மாதிரி இருக்கு, அண்ணி."

சியோக்கின் திட்டவில்லை. அவன் தலையில் இடிக்காதபடி ஈரத்துணிக் கொடியை மட்டும் கொஞ்சம் உயரமாகக் கட்டியிருக்கிறாள்.