பன்றி செஞ்சியைத் தாண்டவில்லை

1. திருடனைக் கழுவி வை

எண்ணெய்க் கம்பெனியில் நான் சேர்ந்த முதல் நாள், டெர்மினல் மேற்பார்வையாளர் என்னிடம் சொன்ன முதல் வாக்கியம் இதுதான்: "திருடனைக் கழுவி வெச்சிட்டு வாம்மா. அப்புறம் டாங்க் மேல ஏறலாம்."

நான் வாசலில் இருந்த செக்யூரிட்டியைத் திரும்பிப் பார்த்தேன். அவர் நல்ல மனிதராகத்தான் தெரிந்தார்.

திருடன் என்பது ஒரு பித்தளைக் குழல். சங்கிலியில் கட்டி டாங்கிற்குள் இறக்கினால், மேலே இருக்கும் எண்ணெயைக் கலக்காமல் வேண்டிய ஆழத்திலிருந்து சாம்பிள் எடுத்து வரும். சத்தமில்லாமல் எடுப்பதால் வெள்ளைக்காரன் 'தீஃப்' என்று பேர் வைத்திருக்கிறான். எங்கள் ஆட்கள் அதைத் தமிழாக்கிக்கொண்டார்கள்.

இந்தத் தொழில் முழுக்க இப்படித்தான். கந்தகம் குறைவான கச்சா எண்ணெய் 'ஸ்வீட்', அதிகமானால் 'சவர்', அதாவது புளிப்பு. கிணற்றின் வாயில் நிற்கும் வால்வுக் கூட்டம் 'கிறிஸ்துமஸ் ட்ரீ'. டாங்கில் எண்ணெய்க்கு மேலே காலியாக இருக்கும் இடம் 'அல்லேஜ்'. அதைத் தினமும் அளந்து எழுதுவது என் வேலை. வீட்டில் சொன்னபோது என் நைனா, "காலியா இருக்கறத அளக்கறதுக்கா சம்பளம் குடுக்கறாங்க?" என்று கேட்டார்.

சிரிப்புக்காக இதையெல்லாம் எழுதவில்லை. சிரிப்பு வரத்தான் செய்யும். ஆனால் ஒரு சொல்லால் ஒரு நிலக்கடலைக் கொல்லையே தீப்பிடித்து எரிய இருந்த கதையும் இதில் இருக்கிறது. புதிதாக வேலைக்கு வருகிறவர்கள் அதைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

2. அறிவார்ந்த பன்றி

பின்னாளில் என்னைப் பைப்லைன் பிரிவுக்கு மாற்றினார்கள். சொந்த ஊரான செஞ்சியிலேயே போஸ்டிங். டீசலும் பெட்ரோலும் சென்னைப் பக்கத்திலிருந்து தெற்கே போகும் குழாய், எங்கள் பகுதியில் வயல்களுக்கு அடியில் போகிறது. நிலம் விவசாயியுடையது. பயிர் வைக்கலாம், மரம் வைக்கக்கூடாது, எங்களிடம் சொல்லாமல் ஆழமாகத் தோண்டக்கூடாது. இதை ஊர் ஊராகப் போய்ச் சொல்வதும், அவர்கள் திட்டுவதைக் கேட்டுக்கொள்வதும் என் வேலை. ஸ்கூட்டி கம்பெனி கொடுத்தது. பொறுமை என்னுடையது.

குழாயின் உட்புறத்தைச் சுத்தம் செய்ய ஒரு கருவி இருக்கிறது. இரும்புத் தண்டில் ரப்பர் மாதிரியான தட்டுகள் வரிசையாகக் கோத்திருக்கும். பின்னாலிருந்து எண்ணெயே அதைத் தள்ளிக்கொண்டு போகும். போகிற வழியில் அழுக்கை வழித்துக்கொண்டே போகும். அதற்குப் பேர் 'பிக்'. பன்றி. குழாய்க்குள் ஓடும்போது கிறீச்சிடுவதால் அந்தப் பேர் என்று சொல்வார்கள். சுத்தம் செய்யும் பிக் போய் முடிந்தபின் சென்சார் வைத்த இன்னொன்று போகும். அது குழாயின் தேய்மானம், நசுங்கல் எல்லாவற்றையும் பதிவு செய்யும். அதற்கு 'இன்டெலிஜென்ட் பிக்' என்று பேர்.

கண்ட்ரோல் ரூமில் யாரும் பன்றி என்று சொல்லமாட்டார்கள். "பிக்கு கிளம்பிடுச்சு", "பிக்கு வந்துடுச்சு" என்பார்கள். நானும் ஊர்களில் "குழாய் கிளீனிங்" என்றுதான் சொல்லி வந்தேன். அந்த வருஷம் தலைமை அலுவலகம், நோட்டீஸை வெளியே ஓர் ஏஜென்சியிடம் கொடுத்து மொழிபெயர்த்து, அச்சடித்து, நேராக எல்லா ஊருக்கும் ஒட்ட அனுப்பிவிட்டது. நான் பார்த்தது, மேல்மலையனூர் போகும் வழியில் ஒரு டீக்கடைச் சுவரில்.

"குழாய்ப் பாதையில் முதலில் சுத்தம் செய்யும் பன்றியும், அதனைத் தொடர்ந்து அறிவார்ந்த பன்றியும் செலுத்தப்படும். பொதுமக்கள் ஒத்துழைப்பு நல்குமாறு கேட்டுக்கொள்ளப்படுகிறார்கள்."

டீக்கடையில் ஏழுமலை உட்கார்ந்திருந்தார். அவர் கொல்லைக்கு அடியில்தான் குழாய் போகிறது. என்னைப் பார்த்ததும் கிளாஸைக் கீழே வைத்தார்.

"ஏம்மா, எங்க ஊருல பி.இ. படிச்ச பசங்களுக்கே வேலை இல்ல. நீங்க பன்னிக்கு வேலை போட்டுக் குடுத்திருக்கீங்களே."

"அது பன்னி இல்லீங்க. மெஷின்."

"அறிவு இருக்குதுன்னு போட்டிருக்குதே."

அவர் மனைவி கன்னியம்மா அப்படிக் கேலி செய்யவில்லை. அவருக்கு நிஜமான கவலை. "உள்ள காத்து இருக்காதேம்மா. அவ்ளோ தூரம் எப்பிடி மூச்சு வுடும்?"

"உயிர் இல்லக்கா அது. இரும்பு, ரப்பர்."

"பின்ன ஏன் பன்னின்னு பேரு?"

"ஓடும்போது கத்தும்."

"உயிரு இல்லாதது எப்பிடிம்மா கத்தும்?"

டீ குடித்துவிட்டுக் கிளம்பிவிட்டேன்.

3. விசாரணை

அந்த நோட்டீஸை யாரோ போட்டோ எடுத்து வாட்ஸப்பில் விட்டுவிட்டார்கள். எங்கோ இருக்கும் ஒரு பிராணிநேசர் அதைப் படித்துவிட்டு, பன்றிகளைக் குழாயில் அடைத்து ஊர் விட்டு ஊர் அனுப்புகிறார்கள் என்று போலீசுக்குப் புகார் அனுப்பிவிட்டார். பிக் விடும் நாளன்று காலையில் எஸ்.ஐ. எங்கள் வால்வு ஸ்டேஷனுக்கே வந்துவிட்டார். அன்றைக்கு அமாவாசை வேறு, மேல்மலையனூர் அம்மன் கோயிலில் கூட்டம் நெரியும் நாள்.

"மேல்மலையனூர் பந்தோபஸ்த விட்டுட்டு வந்திருக்கேன் மேடம். பன்னிய ஒருதரம் காட்டிடுங்க, போட்டோ எடுத்துக்கினு போயிடறேன்."

"காட்ட முடியாது சார். அது இப்போ குழாய்க்குள்ள வந்துட்டிருக்கு."

"எப்ப வெளிய வரும்?"

"இங்க வராது. இந்த ஸ்டேஷனத் தாண்டித் தெற்க போயிடும்."

அவர் என்னைப் பார்த்த பார்வையில், கேஸ் பலமாகிக்கொண்டிருப்பது தெரிந்தது.

பிக் எங்கள் ஸ்டேஷனைக் கடந்தால் குழாய் மேல் இருக்கும் சிக்னல் காட்டிவிடும். வரவேண்டிய நேரம் தாண்டியது. சிக்னல் அசையவில்லை. கண்ட்ரோல் ரூமிலிருந்து பிரகாஷ் சார் போன் செய்தார். அவர் பல வருஷமாக ஷிஃப்ட் இன்சார்ஜ். ஃபீல்டுக்கு வந்ததே கிடையாது. குரல் மட்டும்தான் எங்களுக்குத் தெரியும்.

"பிக் செஞ்சியைத் தாண்டலை. ஃப்ளோ விழுந்துடுச்சு. எங்கேயோ மாட்டியிருக்கு, டிராக்கர்ஸை அனுப்புங்க."

நான் போனை வைத்ததும் எஸ்.ஐ. கேட்டார்: "தப்பிச்சிடுச்சா?"

பிக்கிற்குள் சிக்னல் அனுப்பும் ஒரு சிறிய கருவி உண்டு. நடந்து போய்க்கொண்டே மேலிருந்து அதைக் கேட்கலாம். டெக்னீஷியன்கள் இரண்டு பேர் ஆன்டெனாவோடு வரப்பில் நடந்தார்கள். பின்னால் நான், எனக்குப் பின்னால் எஸ்.ஐ., அவருக்குப் பின்னால் சும்மா பார்க்க வந்தவர்கள் என்று ஒரு சாமி ஊர்வலமே போனது. ஏழுமலையின் கொல்லை நடுவில் கருவி விடாமல் கூவ ஆரம்பித்தது.

ஏழுமலைக்குச் சிரிப்பு தாங்கவில்லை. "எங்க மல்லாட்ட வாசனைக்கு நின்னுடுச்சு பாரு. அறிவு இருக்குதுன்னு ஒத்துக்கறேன்."

மல்லாட்டை என்றால் நிலக்கடலை. கூட்டமே சிரித்தது. எஸ்.ஐ.கூடச் சிரித்தார். மோட்டார் கொட்டகைப் பக்கத்தில் கன்னியம்மா அவருக்காக டீ வைக்க விறகு அடுப்பை மூட்டினார்.

4. மூன்றாவது ஆள்

நான் இடத்தைச் சொன்னதும் பிரகாஷ் சார் நிம்மதியானார். "சரி. அழுக்கு சேர்ந்து நின்னிருக்கும். பிரஷரைக் கொஞ்சம் கொஞ்சமா ஏத்தித் தள்ளிப் பார்க்கிறோம். லைன்லயே இருங்க."

பிக் மாட்டினால் முதலில் செய்வது இதுதான். போன் ஸ்பீக்கரில் இருந்தது. எல்லோருக்கும் கேட்டது.

ஏழுமலையின் சிரிப்பு நின்றுபோனது. தோளில் இருந்த துண்டை எடுத்து உதறினார். மறுபடி போட்டுக்கொண்டார். பிறகு மறுபடி எடுத்தார்.

"பிரஷர் ஏத்துறதுன்னா இன்னாம்மா?"

"பின்னாலேர்ந்து அழுத்தம் குடுத்து அதைத் தள்றது."

"அழுத்தினா குழாய்க்கு ஒண்ணும் ஆவாதே?"

"நல்லா இருக்கிற குழாய்க்கு ஒண்ணும் ஆகாது."

அவர் கன்னியம்மாவைப் பார்த்தார். அடுப்பை ஊதிக்கொண்டிருந்த கன்னியம்மா நிமிர்ந்தார். "இன்னாயா பாக்கற? சொல்லித் தொலையேன்."

"சும்மாரு."

"இந்த எடந்தாம்மா," என்றார் கன்னியம்மா என்னிடம். "போன கோடையில வாய்க்கால் ஆழப்படுத்தறேன்னு இவுங்கதான் ஜேசிபி வுட்டாங்க. அதோட பல்லு குழாய் மேல பட்டுது. டங்குன்னு சத்தம் வூடு வரைக்கும் கேட்டுது. மண்ணத் தள்ளி மூடிட்டாங்க."

"சார், பிரஷர் ஏத்தாதீங்க," என்றேன் போனில். "நிறுத்துங்க. இங்க ஜேசிபி அடிச்சிருக்கு."

"யார் சொன்னது?"

"அடிச்சவங்க வீட்லயே சொல்றாங்க."

பம்பை நிறுத்தச் சொல்லிப் பிரகாஷ் சார் அங்கே கத்துவது போனில் கேட்டது. பம்ப் நின்றது. பிரஷரை இறக்கினார்கள். அடி வாங்கி நசுங்கிய இரும்பு அதிக அழுத்தத்தில் பிளந்தால் டீசல் கொல்லையெல்லாம் பீய்ச்சியடிக்கும். கையெட்டும் தூரத்தில் அடுப்பு எரிந்துகொண்டிருந்தது. நான் அதைப் பார்ப்பதைக் கன்னியம்மா பார்த்தார். யாரும் சொல்லாமலே டீத் தண்ணீரை அப்படியே அடுப்பில் கவிழ்த்தார். எஸ்.ஐ. அதுவரை காட்டாத வேகத்தில் கூட்டத்தை ரோடு வரைக்கும் விரட்டினார். பைக்குகளை ஸ்டார்ட் பண்ணாமல் தள்ளிக்கொண்டு போகச் சொன்னார்.

ரோட்டோரப் புளியமரத்தடியில் நின்று நான் ஏழுமலையைக் கேட்டேன். "ஏங்க, பட்டவுடனே ஒரு போன் பண்ணக்கூடாதா? நம்பர், குழாய் மேல நட்டிருக்கிற மார்க்கர் கல்லுலயே இருக்கே."

"நம்பர் இருக்குது. படிச்சுப் பார்த்தேன்."

"அப்புறம்?"

"'மூன்றாம் நபர் சேதம் ஏற்பட்டால் தெரிவிக்கவும்'னு போட்டிருக்குது. இருந்தது நானு, எம் மச்சான். ஜேசிபி ஓட்டினதும் மச்சாந்தான். மூணாவது ஆளே இல்லியே."

'தேர்ட் பார்ட்டி டேமேஜ்' என்று எங்கள் தொழிலில் ஒரு சொல் உண்டு. கம்பெனி ஒரு பார்ட்டி, கான்ட்ராக்டர் இன்னொரு பார்ட்டி. மற்ற எல்லோரும் மூன்றாவது. நிலத்துக்குச் சொந்தக்காரரும் அதில் அடக்கம். தன் கொல்லையில் தானே மூன்றாவது ஆள் என்று ஒரு மனிதருக்கு எப்படித் தோன்றும்? அவர் உண்மையாகவே அப்படி நினைத்தாரா, பயந்து மறைத்துவிட்டு அந்த இடத்தில் ஒரு பதிலைக் கண்டுபிடித்தாரா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. கன்னியம்மா மட்டும் அவரைப் பார்த்து உதட்டைச் சுழித்தார்.

5. தோண்டிய பிறகு

மறுநாள் ஆட்களை வைத்து மண்வெட்டியால் மட்டும் தோண்டினார்கள். குழாயின் மேல்பக்கம் உள்வாங்கி நசுங்கியிருந்தது. நடுவில் நீளமாக ஒரு கீறல். இன்ஸ்பெக்ஷன் எஞ்சினியர் அதை விரலால் தடவிப் பார்த்தார். "இது மேல பிரஷர் ஏத்தியிருந்தா..." என்று ஆரம்பித்து, முடிக்காமல் எழுந்து போய்த் தண்ணீர் குடித்தார்.

தோண்டிய இடத்தில் பயிர் போய்விட்டது. பிடுங்கிப் போட்ட செடியிலிருந்த பிஞ்சும் முத்தலுமான மல்லாட்டையைக் கன்னியம்மா வீட்டில் அவித்து, தோண்டியவர்களுக்கே கொண்டுவந்து கொடுத்தார்.

எண்ணெயை வடித்து, நசுங்கிய பகுதியை வெட்டி எடுத்தபோது பன்றி வெளியே வந்தது. தட்டுகள் தேய்ந்து, மேலெல்லாம் கறுப்பாக, டீசல் நாற்றத்தோடு வரப்பில் கிடந்தது. எஸ்.ஐ. நாலு பக்கமும் சுற்றி வந்து போட்டோ எடுத்தார். பிறகு என்னைத் தனியாகக் கூப்பிட்டார்.

"இத எப்படி மேடம் எழுதறது? 'பன்றி உயிரோட இல்ல'ன்னு எழுதினா வேற கேஸ் ஆயிடும்."

"'சுத்தம் செய்யும் கருவி'ன்னு எழுதுங்க சார்."

"இத நீங்க முன்னாடியே நோட்டீஸ்ல எழுதியிருக்கலாம்ல?"

கம்பெனியின் சட்டப் பிரிவு ஏழுமலை மேலும் மச்சான் மேலும் வழக்குப் போடச் சொன்னது. குழாயைச் சேதப்படுத்துவது சின்னக் குற்றமில்லை, அதில் எனக்கும் மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் கூட்டத்தில் பிரகாஷ் சார் போனில் வந்து பேசினார். "அந்த அம்மா வாயைத் திறக்கலைன்னா நான் பிரஷர் ஏத்தியிருப்பேன். எங்க கையாலதான் அது வெடிச்சிருக்கும். சொன்னவங்க மேலயே கேஸ் போட்டா, அடுத்த தடவை எவன் சொல்லுவான்?" வழக்கு யோசனையைக் கைவிட்டார்கள். எஸ்.ஐ., ஏழுமலையின் மச்சானைப் போலீஸ் ஸ்டேஷனுக்கு வரவழைத்து, மறக்க முடியாத அளவுக்கு அறிவுரை சொல்லி அனுப்பினார். அதோடு முடிந்தது.

அடுத்த நோட்டீஸை நான் எழுதினேன். "குழாய்க்குப் பக்கத்தில் தோண்டும்போது ஜேசிபியோ, கடப்பாரையோ, ஏர்க்கலப்பையோ குழாய் மேல் லேசாகப் பட்டாலும் உடனே போன் செய்யுங்கள். இடித்தது நீங்களாக இருந்தாலும் பரவாயில்லை. சொன்னால் ஆபத்து இல்லை, சொல்லாவிட்டால்தான் ஆபத்து." தலைமை அலுவலகம் அதைத் திருப்பி அனுப்பியது. துறையின் சொற்கள் இதில் இல்லை என்று குறிப்பு எழுதியிருந்தார்கள். இந்தச் சொற்கள் துறைக்காக இல்லை, கொல்லையில் நிற்கிறவருக்காக என்று பதில் எழுதி மறுபடி அனுப்பினேன். பிரகாஷ் சாரும் கையெழுத்துப் போட்டார். அச்சானது.

அன்றிலிருந்து கண்ட்ரோல் ரூமுக்குப் போன் வந்துகொண்டே இருக்கிறது. கம்பு நட்டேன், பரவாயில்லையா? எலி வளை தோண்டுது, பரவாயில்லையா? மாடு மார்க்கர் கல்லை முட்டிடுச்சு, எதுக்கும் சொல்லிடலாம்னு சொன்னேன். பெரும்பாலும் ஒன்றுமே இருக்காது. ஆனால் மேல்சித்தாமூர்ப் பக்கம் ஒருவர் போர் போட வண்டி வரவழைத்துவிட்டு, துளை போடுவதற்கு முன்னால் ஒரு வார்த்தை கேட்கலாம் என்று போன் செய்தார். போய்ப் பார்த்தேன். அவர் கோலம் மாவால் வட்டம் போட்டு வைத்திருந்த இடம், குழாய்க்கு நேர் மேலே.

பிரகாஷ் சார் இப்போதெல்லாம் குறைப்பட்டுக்கொள்கிறார், நிம்மதியாகச் சாப்பிட முடியவில்லை, உங்கள் ஊர்க்காரர்கள் எதற்கெடுத்தாலும் போன் செய்கிறார்கள் என்று. ஆனால் போன் வராத நாளில் அவரே கூப்பிட்டு, "என்ன கலா, இன்னைக்கு ஒருத்தரும் பேசலையே, எல்லாம் சரியா இருக்கா?" என்று கேட்கிறார்.