உற்றுப் பார்த்தால் தெரியும்

என் மகனுக்குச் சிவப்பையும் பச்சையையும் பிரித்துப் பார்க்கத் தெரியாது. பிறவியிலேயே அப்படி. அது தெரிந்தும் நான் அவனை விமானிப் படிப்புக்கு அனுப்பினேன். அதைவிட மோசமானது, அவனுக்கே அது தெரியாதபடி பார்த்துக்கொண்டது. கோவில்பட்டியில் ஒரு மேல்நிலைப் பள்ளியில் உயிரியல் ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். தெரியாமல் செய்துவிட்டேன் என்று சொல்லிக்கொள்ள எனக்கு வழியில்லை.

விளாத்திகுளம் பக்கம் எங்களுக்கு மானாவாரி நிலம் இருந்தது. மிளகாய் போடுவோம். பழம் பறிக்கிற நாட்களில் விடுமுறை வந்தால் குடும்பத்தோடு போய்விடுவோம். அவனுக்கு அப்போது பத்து வயது இருக்கும். வேலைக்கு வந்த பெண்களுக்கு நடுவே அவனும் ஓலைப்பெட்டியோடு பறித்துக்கொண்டு வந்தான். பெட்டியில் பாதி பச்சைக் காய். காயைப் பழத்தோடு சேர்த்துக் காயப்போட்டால் அது வெளுத்துப்போய் மொத்த வத்தலையும் கெடுத்துவிடும்.

பக்கத்தில் பறித்துக்கொண்டிருந்த அம்மாள் பெட்டியை எட்டிப் பார்த்தாள்.

“ஏலே சார்வாள் மவனே, இத யாவாரி வத்தல்னு வாங்குவானா, கீரைன்னு வாங்குவானா?”

எல்லாரும் சிரித்தார்கள். என் மனைவியும் சிரித்துக்கொண்டே, “எங்கய்யாவும் இப்படித்தான். பழம்னு நெனச்சுக் காயப் பறிச்சுட்டு வந்து எங்கம்மைகிட்ட ஏச்சு வாங்குவாவ” என்றாள்.

அந்த ஒரு பேச்சில் எனக்குப் புரிந்துவிட்டது. தாத்தாவுக்கு இருந்து, மகளிடம் வெளியே தெரியாமல் தங்கி, பேரனுக்கு வருவது. நிறக்குருடு. வருடாவருடம் பன்னிரண்டாம் வகுப்புக்குக் கரும்பலகையில் படம் போட்டு நான் நடத்துகிற பாடம் என் மிளகாய்க்காட்டில் வந்து நின்றது. நான் என்ன செய்தேன்? இத்தனை பேர் சிரிக்கிறார்களே என்று அவன் முதுகில் ஓங்கி ஓர் அடி வைத்தேன். “கண்ண எங்க வச்சுட்டுப் பறிக்க?” என்றேன்.

அவன் அழவில்லை. அடுத்த செடிகளில் மெதுவாகப் பறித்தான். ஒவ்வொன்றையும் விரலால் அமுக்கிப் பார்த்தான். பழம் கொஞ்சம் மெத்தென்று இருக்கும். காய் விறைப்பாக இருக்கும். சாயங்காலத்துக்குள் அவன் பெட்டியில் காய் குறைந்துவிட்டது. “பாத்தியா, உத்துப் பாத்தாத் தெரியுதுல்ல” என்றேன். அவன் விரல்களைப் பார்த்துக்கொண்டுதான் இதைச் சொன்னேன்.

மேல்நிலை வகுப்புக்கு வந்தபோது அவனுக்கு விமானப் பைத்தியம் பிடித்தது. நண்பனின் வண்டியில் தூத்துக்குடி விமான நிலையம் வரை போய், சுற்றுச்சுவருக்கு வெளியே நின்று, சென்னை விமானம் இறங்குவதைப் பார்த்துவிட்டு வெயிலில் கறுத்துப்போய்த் திரும்புவான். ஒருநாள் சாப்பிடும்போது, “பைலட் ஆகப் போறேன்ப்பா” என்றான். எனக்கு உடம்பெல்லாம் பூரித்தது. என்னோடு வேலை பார்த்தவர்களின் பிள்ளைகள் என்ஜினீயர்கள். எங்கள் பக்கத்தில் யார் வீட்டிலும் விமானி கிடையாது.

அவன் எழுந்து போனபின் மனைவி கேட்டாள்: “ஏங்க, அவனுக்குத்தான் கலரு சரியாத் தெரியாதே. ப்ளேன் ஓட்டுததுக்கு அது வேண்டாமா?”

“உனக்கு ஒண்ணும் தெரியாது. பேசாம இரு.”

அவளுக்குத்தான் தெரிந்திருந்தது. எனக்கும் தெரிந்திருந்தது. மருத்துவச் சோதனையில் கண் பார்வைக்கும் நிறங்களுக்கும் என்ன விதி என்று அதற்குமுன்பே படித்துவிட்டேன். மதுரையில் தெரிந்தவர் மூலமாக, புள்ளிகளுக்குள் எண் ஒளிந்திருக்கும் அந்தச் சோதனைப் புத்தகத்தையும் வாங்கிவிட்டேன்.

முதல் பக்கத்தில் உள்ள எண் எல்லாருக்கும் தெரியும். நிறக்குருடு உள்ளவர்களுக்கும் தெரியும்படிதான் அதை அச்சடித்திருப்பார்கள். அவன் பார்த்ததும், “பன்னெண்டு!” என்று சிரித்தான். அடுத்த பக்கத்தில் ஒன்றும் தெரியவில்லை. அதற்கடுத்ததிலும் இல்லை.

“அப்பா, இதுல நெசமாவே நம்பர் இருக்கா? ஒங்களுக்குத் தெரியுதா?”

“மொதப் பக்கம் தெரிஞ்சுதுல்ல? மத்ததும் அப்படித்தான். உத்துப் பாத்தாத் தெரியும்.”

கண்ணில் நீர் வழிகிற வரைக்கும் பார்த்தான். நான் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டே இருந்தேன். பிறகு, “சோதனையில பதட்டத்துல மறந்துருவ, மனப்பாடம் பண்ணிக்கோ, எல்லாரும் அப்படித்தான் போவாங்க” என்று ஒவ்வொரு பக்கத்தின் எண்ணையும் வரிசையாகச் சொல்லிக்கொடுத்தேன். நல்ல ஞாபகசக்தி அவனுக்கு. பயிற்சியில் சேர்வதற்கான சோதனையில் டாக்டர் அந்தப் புத்தகத்தை முதலிலிருந்து வரிசையாகப் புரட்ட, இவன் தடங்கலில்லாமல் சொல்லிவிட்டு வந்தான்.

நிலத்தை விற்று வடக்கே ஒரு பயிற்சிப் பள்ளியில் சேர்த்தேன். டீக்கடைக்காரர் கூட, “அண்ணாச்சி, மவன்கிட்டச் சொல்லி நம்ம தெருவுக்கு ஒரு ஸ்டாப்பிங் வாங்கிக் குடுங்க” என்பார். அந்தக் கேலி எனக்கு இனித்தது. முதல்முறை தனியாக ஓட்டி இறக்கிய அன்று போனில் சிரித்துக்கொண்டே இருந்தான். அவனுக்குப் பின்னால் ஒருநாள் எத்தனை பேர் கண்ணை மூடித் தூங்கிக்கொண்டு வருவார்கள் என்று நான் ஒருதரம்கூட நினைக்கவில்லை.

பிறகு ஒரு நாள் அழைத்தான். குரல் வேறு மாதிரி இருந்தது. ரேடியோ பழுதானால் கட்டுப்பாட்டுக் கோபுரத்திலிருந்து விளக்கு காட்டுவார்களாம். பச்சை காட்டினால் இறங்கலாம். சிவப்பு காட்டினால் இறங்கக்கூடாது. அதைப் பழகும்போது இவன் சிவப்பைப் பச்சை என்று சொல்லி விமானத்தை இறக்கப் போயிருக்கிறான். பக்கத்தில் இருந்த பயிற்சியாளர் சட்டென்று தன் கைக்கு வாங்கி மேலே தூக்கியிருக்கிறார்.

“உத்துத்தாம்ப்பா பாத்தேன்” என்றான். “சத்தியமா உத்துத்தான் பாத்தேன்.”

மறுபடி சோதனைக்கு அனுப்பினார்கள். அந்த டாக்டர் பக்கங்களை மாற்றி மாற்றித் திறந்தார். முடிந்துவிட்டது. பிறவிக் குறை, வீட்டில் யாருக்கும் தெரியாதா என்று அவர் கேட்டாராம். “எங்கப்பா பயாலஜி சார். தெரிஞ்சிருந்தா சொல்லியிருப்பாவன்னு சொன்னேன்ப்பா” என்றான், ஊருக்கு வந்து பையை இறக்கி வைத்த கையோடு. மனைவி என்னைப் பார்த்தாள். நான் தரையைப் பார்த்தேன்.

அதற்குப் பிறகும் நான் உண்மையைச் சொல்லவில்லை. இதற்கு மருந்தில்லை என்று தெரிந்த நான், அவனை ஊர் ஊராக இழுத்துக்கொண்டு அலைந்தேன். சென்னையில் நிறக் கண்ணாடி போட்டுப் பார்த்தோம். ஒரு வைத்தியர் கண்ணில் விட்ட சாற்றில் எரிச்சல் தாங்காமல் அவன் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றான். “போதும்ப்பா” என்பான். “இன்னும் ஒரு எடம்” என்பேன். தேடுவதை நிறுத்தினால், ஏன் நிறுத்தினீர்கள் என்று கேட்பானே, இது தீராது என்று எனக்கு முதலிலேயே தெரியும் என்று சொல்ல வேண்டிவருமே என்று பயம்.

கடைசியாகப் போனது திருநெல்வேலிக்கு. உள்ளே போனதும் அந்தக் கண் டாக்டர் எழுந்து நின்று என் காலைத் தொட்டார். என்னிடம் படித்தவர். மகனைச் சோதித்தார். அப்புறம் தயங்கித் தயங்கிச் சொன்னார்.

“சார், ஒங்களுக்குத் தெரியாததா? இத எங்களுக்கு நடத்துனதே நீங்கதான சார். அந்த மொளகாக்காட்டுப் பையன் கத! பழத்தையும் காயையும் ஒண்ணாப் பறிச்சுப் போட்டு, கீரையா வத்தலான்னு பொம்பளைக கேட்டு, அப்பன்ட்ட அடி வாங்குவானே. இன்னைக்கும் இந்தக் கேஸ் வந்தா எனக்கு அந்தப் பையன் ஞாபகந்தான் சார் வரும்.”

ஆமாம். அந்தக் கதையை வகுப்பில் சொல்லியிருந்தேன். தெரிந்த ஒரு பையன் என்றுதான் சொல்வேன். பிள்ளைகளுக்குப் பாடம் மறக்காமல் இருக்க நல்ல உதாரணமாக இருந்தது. அவர் மலர்ந்த முகத்தோடு பேசிக்கொண்டே போனார். என் மகன் முழங்காலில் கையை வைத்து அசையாமல் உட்கார்ந்திருந்தான்.

பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்தான். பஸ் கயத்தாற்றைத் தாண்டியது. பிறகு வெளியே பார்த்தபடியே கேட்டான்.

“அப்போ, உத்துப் பாத்தாலும் தெரியாது. இல்லியாப்பா?”

“தெரியாதுப்பா.”

முன்சீட்டில் நெற்றியை வைத்து அழுதான். “நாந்தான் சரியாப் பாக்கலன்னு இத்தன நாளா...” என்று ஆரம்பித்து முடிக்கவில்லை. அவன் தோளைத் தொடக் கை தூக்கினேன். அதே கை. மடியில் வைத்துக்கொண்டேன்.

கோவில்பட்டி வந்து எல்லாரும் இறங்க எழுந்தபோது திரும்பி என்னைப் பார்த்தான்.

“கிளாஸ்ல அந்தக் கதையச் சொல்லும்போது சிரிச்சாங்களா?”

“சிரிச்சாங்க.”

தலையாட்டினான். “நீங்க வீட்டுக்குப் போங்க. நான் வாரேன்” என்றான். வரவில்லை. சில நாட்கள் கழித்துச் சென்னையிலிருந்து அவன் அம்மாவுக்குப் போன் வந்தது.

இப்போது அங்கே ஏதோ கம்பெனியில் வேலை பார்க்கிறான். அம்மாவோடு தினமும் பேசுவான். அவள் போனைச் சத்தமாக வைத்துக்கொண்டு என் பக்கத்தில் வந்து உட்காருவாள். கடைசியில், “அப்பா சாப்பிட்டாவளா?” என்று கேட்பான். “சாப்பிட்டாவ” என்பாள். வைத்துவிடுவான்.

அந்தப் புத்தகத்தை நான் தூக்கி எறியவில்லை. அவ்வப்போது எடுத்துப் பிரிக்கிறேன். கண்ணில் புரை எடுத்த கிழவன் நான். எனக்கு உற்றுப் பார்க்க வேண்டியதே இல்லை. எந்தப் பக்கத்தைத் திறந்தாலும் எண் உடனே தெரிகிறது.