சாம்பசிவம் சார் அடைத்த தோட்டா

முடிதிருத்தும் கடையில் என் முகத்தில் பாதி சவரமாகியிருந்தபோதுதான் சாம்பசிவம் சார் போய்விட்ட செய்தி வந்தது. மீதிப் பாதியோடு ஓடினேன். அழ வந்தவர்களில் இரண்டு பேர் என்னைப் பார்த்துச் சிரித்துவிட்டார்கள். சார் உட்கார்ந்திருந்தால் மூன்றாவது ஆளாகச் சிரித்திருப்பார்.

நம் துப்பாக்கி கிளப்பில் அவரை அறியாதவர் உண்டா? பள்ளிக்கூடத்தில் டிரில் மாஸ்டர். ஞாயிற்றுக்கிழமைகளில் குயவரிடம் வாங்கிய அகல்களை மேலே வீசச் சொல்லிச் சுடுவார். நான் குறிவைத்த அகல்கள் முழுசாகத் தரைக்கு வந்து, கார்த்திகைக்கு எங்கள் வீட்டில் எரிந்தன.

கடைத் தோட்டா விலை அதிகமென்று, சுட்டுப்போட்ட காலிக் குழல்களைப் பொறுக்கிவந்து, புது வெடிமருந்தும் ஈயக் குண்டும் நிரப்பி, வட்டமாக வெட்டிய அட்டையால் வாயை அடைப்பார். சுட்டால் அந்த அட்டையும் பறந்துபோய் விழும். இதில் காசு மிச்சமா என்பது கிளப்பில் தீராத விவாதம். "தோட்டாவுக்குப் பாதிக் காசு மிச்சம் தம்பி. அதனால ரெண்டு மடங்கு சுடுறேன்" என்பார். அந்த மிச்சத்தை இதுவரை கண்ணால் பார்த்ததில்லை என்று அவர் மனைவி என் மனைவியிடம் சொன்னதாகக் கேள்வி.

ஆட்சி மாறிய புதிது. தெருவில் கறுப்பு சிவப்புக் கொடி, வரப்பில் சிவப்புக் கொடி. எங்கும் அறுவடைக் கூலித் தகராறு. கிளப் உறுப்பினரான பண்ணையார் ஒருவர், சாரின் பள்ளிக்கூடத் தாளாளரும் அவரே, சுட்டுப் பழக என்று சொல்லி சாரிடம் ஒரு பெட்டித் தோட்டா வாங்கிப்போனார். அந்த வாரமே அவர் வயலில் மாரிமுத்து என்ற விவசாயத் தொழிலாளி தொடையில் குண்டு பாய்ந்து விழுந்தார். தன் துப்பாக்கி உறையை விட்டே வரவில்லை, கூலிக்காரர்களுடைய நாட்டுத் துப்பாக்கிதான் வெடித்தது என்றார் பண்ணையார். மாரிமுத்து மேலேயே வழக்கு எழுதப் போலீஸார் தயாரானார்கள்.

விவரம் கேட்க கிளப்புக்கு வந்த இன்ஸ்பெக்டர், அந்த வயல் சேற்றில் கிடைத்த ஓர் அட்டை வட்டத்தை மேசையில் வைத்தார். சார் அதைப் புரட்டினார். ஓரத்தில் மஞ்சள், மறுபக்கம் அவர் மகள் பெயரில் பாதி. கல்யாணப் பத்திரிகையில் மிஞ்சியவற்றை வெட்டித்தான் அப்போது தோட்டா அடைத்துக்கொண்டிருந்தார். மேசைக்கடியில் செயலாளர் அவர் காலை மிதித்தது எங்கள் எல்லோருக்கும் தெரிந்தது.

"இது எங்க வீட்டுப் பத்திரிகை சார். நான் அடைச்ச தோட்டா. அவர்கிட்டதான் பெட்டியோட குடுத்தேன்."

மாரிமுத்து தப்பினார். சாருக்கு வேலையும் போயிற்று, தோட்டா அடைத்துக் கொடுத்ததற்காக லைசென்சும் போயிற்று. பண்ணையார் மீதான வழக்கு வாய்தா வாங்கியே வயதாகி, அவரோடு செத்தது.

அதன்பின் வயல் பக்கம் நடக்கும்போது வெள்ளையாக எது கிடந்தாலும் சார் குனிந்து எடுத்துப் புரட்டுவார். ரூபாய் நோட்டு தேடுகிறீர்களா என்று ஒருமுறை கிண்டல் செய்தேன்.

"பெட்டியில மீதி யார் மேல போச்சுன்னு இன்னும் தெரியலையே தம்பி" என்றார்.

அவரிடமிருந்து எனக்கு வந்துசேர்ந்த சொத்து இந்தப் பழக்கம் ஒன்றுதான். சுடுகாட்டிலிருந்து திரும்பும் வழியில் வரப்போரம் வெள்ளையாக ஏதோ கிடந்தது. என் தொப்பைக்குக் குனிவது லேசில்லை, குனிந்தேன். சிகரெட் அட்டை. புரட்டிப் பார்த்த பிறகுதான் கீழே போட முடிந்தது.