அறுபது கிலோவும் ஐம்பத்தாறு கிலோவும்

1974 மார்ச் மாதம், தர்மபுரியில் குப்புராஜின் புளி மண்டியில் ஒரு மூட்டைக்குக் கொட்டை எடுத்துக் கொடுத்தால் கூலி ஆறு ரூபாய். மூட்டை அறுபது கிலோ. ஓடு நீக்கிய பழமாக வீட்டுக்கு வரும். சின்னச் சுத்தியலால் தட்டி, சதையையும் கொட்டையையும் நாரையும் பிரித்து மண்டியில் திருப்பித் தர வேண்டும். தலை நிமிராமல் தட்டினால் ஒரு பெண்ணுக்கு மூன்று நாள் வேலை.

அக்தர் பேகத்துக்கு அப்போது முப்பத்தாறு வயது. அவர் தெருவில் பத்து வீடுகள் இந்த வேலை செய்தன. மண்டியிலிருந்து மூட்டைகளைக் கைவண்டியில் கொண்டுவந்து பங்கிடுவதும், முடிந்ததைக் கொண்டுபோய்ப் போட்டுக் கூலி வாங்கி வருவதும் அவர் பொறுப்பு. அதற்கென்று தனிக்காசு கிடையாது. மண்டிக்காரரிடம் தயங்காமல் பேசக்கூடியவர் என்பதால் அந்தப் பொறுப்பு அவரிடம் வந்து ஒட்டிக்கொண்டிருந்தது.

கணவர் ஹயாத் பாஷா லேத் பட்டறையில் கடைசல் வேலை பார்த்தார். அந்த வருடம் மின்வெட்டு கடுமை. பகலில் நாலு மணி நேரம் கரண்ட் வந்தால் அதிகம். பட்டறை முதலாளி மாதச் சம்பளத்தை நிறுத்திவிட்டு, மெஷின் ஓடிய மணிக்கு மட்டும் கூலி என்று மாற்றினார். ஹயாத் பாஷா காலையில் போய் பெஞ்சில் உட்கார்ந்து கரண்டுக்குக் காத்திருப்பார். அரிசி விலையோ யாருக்காகவும் காத்திருக்கவில்லை. அதுவரை கைச்செலவுக்கு உதவிய புளிக்காசுதான் இப்போது அடுப்பை எரித்தது.

அந்த நேரத்தில்தான் குப்புராஜ் கூப்பிட்டுச் சொன்னார்.

"பேகம்மா, லாரி வாடகை ஏறிப்போச்சு. பெங்களூர்க்காரன் காசு அனுப்ப மாட்டேங்கறான். இனிமே வாரத்துக்கு அஞ்சு மூட்டைதான். அஞ்சு வூடு போதும். எந்த அஞ்சுன்னு நீயே சொல்லிடு."

"நான் எப்படிங்க சொல்றது?"

"அப்ப நான் சொல்லட்டா?"

"வேணாங்க. அஞ்சு மூட்டையே குடுங்க. பத்து வூட்டுக்கும் பாதி பாதியா பிரிச்சுக்கறோம்."

"பாதி மூட்டையில யாருக்கு வயிறு ரொம்பும்?"

"யாருக்கும் ரொம்பாதுங்க. பரவால்ல, குடுங்க."

பாதி மூட்டை என்றால் வாரத்துக்கு மூன்று ரூபாய். மீதிக்கு நிலக்கடலை உடைக்கப் போகலாம், களை பறிக்கப் போகலாம். புளியைச் சீக்கிரம் முடித்தால்தான் அதற்கு நேரம் கிடைக்கும். அக்தர் பேகம் ஒரு யோசனை சொன்னார். தெருவுக்குப் பின்னால் பெரிய பாறை இருந்தது. பழத்தை அங்கே இரண்டு நாள் காயப்போட்டுத் தட்டினால் சதை பிசுபிசுவென்று சுத்தியலில் ஒட்டாது, கொட்டை தானாகத் தெறித்து விழும். அதற்கு முன் யாரும் அப்படிச் செய்ததில்லை. முழு மூட்டை வந்த காலத்தில் யாருக்கும் அவசரம் இல்லை. வந்தபடியே நிழலில் வைத்துத் தட்டினார்கள்.

ஒன்றரை நாள் வேலை ஒரே நாளில் முடிந்தது. பக்கத்து வீட்டுச் சின்னம்மாள் கையைக் கழுவிக்கொண்டே சொன்னார்: "இத்தன வருசம் இந்த மூளைய எங்கக்கா ஒளிச்சு வெச்சிருந்த?"

சனிக்கிழமை மண்டியில் எடை போட்டார்கள். சதை, கொட்டை, நார் மூன்றையும் சேர்த்து முதல் மூட்டை ஐம்பத்தாறு கிலோ. இரண்டாவதும் அப்படியே. ஐந்து மூட்டைக்கும் சேர்த்து இருபது கிலோ குறைந்தது.

குப்புராஜ் தராசிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "இருபது கிலோ புளி எங்க போச்சு?"

அக்தர் பேகம் சாக்குகளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"பத்து வூட்டுக் கொழம்புல இருக்குது. வேறெங்க போவும்?" என்றார் குப்புராஜ். "கூலி கெடையாது. இனிமே மூட்டையும் கெடையாது. கடத்தூர்ல ஆளு இருக்குது, அங்க அனுப்பிக்கறேன்."

வெறும் வண்டியைத் தள்ளிக்கொண்டு வரும் வழியில்தான் அவருக்குக் காரணம் பிடிபட்டது: பாறை வெயிலில் பழத்தின் ஈரம் வற்றியிருக்கிறது. தெருவில் அதைச் சொன்னதும் சின்னம்மாள் வெடித்தார்.

"உன்னைய யாரு காய வெக்கச் சொன்னது? பெரிய வாத்தியாரம்மாவாட்டம் வந்து சொன்ன. இப்பத் திருட்டுப் பட்டமும் சேந்து வந்துச்சு."

குள்ளம்மாள் அந்தத் தெருவிலேயே வயதில் மூத்தவர். "என் வூட்டுல நாலு நாளா களியும் உப்பு மொளகாயும்தான்" என்றார். "திருடியிருந்தா ஒரு வேளையாவது கொழம்பு வெச்சிருக்க மாட்டனா? மண்டிக்காரனைக் கூட்டியாந்து என் சட்டிய மோந்து பாக்கச் சொல்லு."

இரண்டு பேர் சிரித்தார்கள். அக்தர் பேகம் சிரிக்கவில்லை.

மறுநாள் காலை மண்டி திறக்கும்போதே வாசலில் நின்றார்.

"தப்பு என்னுதுங்க. வெய்யில்ல காய வெக்கச் சொன்னது நானு. யாரும் ஒரு சொளை எடுக்கல."

"காஞ்சா கொறையும்னு எனக்குத் தெரியாதா? முப்பது வருசமா புளிதான் விக்கறேன். ஒரு கிலோ கொறையும், ஒன்றரை கிலோ கொறையும். நாலு கிலோவா?"

"ஒரு மூட்டைய நீங்களே நிறுத்து இங்க களத்துல கொட்டுங்க. நான் கிட்டக்கூட வரலீங்க. ரெண்டு நாள் கழிச்சு நிறுத்துப் பாருங்க."

குப்புராஜ் ஒரு மூட்டையை நிறுத்துக் கொட்டச் சொன்னார்.

மண்டி ஆள் பழத்தைச் சிமெண்டுக் களத்தில் பரப்பினார். அக்தர் பேகம் முந்தானையைத் தலைக்கு மேல் இழுத்துக்கொண்டு எதிர்ப்புறச் சுவரோரம் உட்கார்ந்தார். இரண்டு நாளும் அங்கேயே இருந்தார். நடுவில் ஒருமுறை குப்புராஜ் டீ அனுப்பினார், குடித்தார். இரண்டாம் நாள் சாயங்காலம் அள்ளி நிறுத்தார்கள். ஐம்பத்தாறே கால் கிலோ.

குப்புராஜ் எடைக்கல்லை மாற்றிப் போட்டு இன்னொரு தடவை பார்த்தார்.

"சரி. திருட்டில்ல. நான் சொன்னது தப்பு." பிறகு குரலைத் தணித்தார். "ஆனா பேகம்மா, நான் விக்கறது எடைக்குத்தான? நீ காய வெச்சு ஓட்டுன தண்ணிக்கு எவன் காசு குடுப்பான்? இருபது கிலோன்னா முப்பது ரூபா. அஞ்சு மூட்டைக் கூலியும் அதுலயே போச்சு."

அவர் சொன்னதும் நியாயம்தான். இதற்கு அக்தர் பேகம் தயாராக வரவில்லை. களத்தில் கிடந்த சாக்கை எடுத்து மடித்து வைத்தார்.

"பாதிய நீங்க தாங்கிக்குங்க. பாதி என் கூலியில புடிச்சுக்குங்க. அவங்களுக்கு இந்த வாரக் கூலியக் குடுத்துடுங்க. மூட்டையும் எங்க தெருவுக்கே வரட்டும்."

"பதினஞ்சு ரூபா. உனக்கு அஞ்சு வாரம் ஆவுமே?"

"ஆவட்டுங்க."

குப்புராஜ் முப்பது ரூபாயை எண்ணிக் கொடுத்தார்.

அன்று விளக்கு வைக்கும் நேரத்தில் கூலியைப் பங்கிட்டுவிட்டு அக்தர் பேகம் விஷயத்தைச் சொன்னார். குள்ளம்மாள் தன் மூன்று ரூபாயில் ஒன்றரையைத் திருப்பி வைத்தார். பத்து வீட்டுக்கும் ஆளுக்கு ஒன்றரை என்றால் கணக்கு முடிந்துவிடும் என்றார். இன்னும் நாலு பேர் வைத்தார்கள். சின்னம்மாள் காசை மடியில் முடிந்துகொண்டார்.

"அக்கா, நான் பேசுனது தப்புதான். ஆனா ரேசன் கடையில நாளைக்கு அரிசி போடறாங்க. என்னால முடியாது."

"வாங்கிட்டு வா போ. அரிசிதான் முக்கியம்" என்றார் அக்தர் பேகம்.

ஐந்து பேர் கொடுத்தது ஏழரை ரூபாய். மீதி ஏழரை ரூபாய்க்கு அவர், காய வைக்காமல் பழையபடி நிழலில், கூலியில்லாமல் புளி தட்டினார். மூன்றாவது வாரச் சனிக்கிழமை ஒன்றரை ரூபாய் கைக்கு வந்தது. அதற்கடுத்த வாரத்திலிருந்து முழுதாக மூன்று ரூபாய். ஏப்ரல் கடைசியில் புளி வரத்து நின்றது. தெருப்பெண்கள் பத்துப் பேரும் கடலை உடைக்கும் வேலைக்குப் போனார்கள்.