குங்கிலியம் பூசிய கப்பல்

குங்கிலியத்தைத் தேங்காய் எண்ணெயில் உருக்கும்போது எழும் மணத்தில் கோயிலும் குசினி அடுப்படியும் ஒன்றாக இருக்கும். தர்மபுரத்தில் ஒரு பள்ளி விடுமுறையில் அக்காவும் நானும் கட்டிய கப்பலுக்கும் அந்த மணம்தான்.

நோர்வேயில் இருந்த மாமா கடிதத்தோடு ஒரு படம் அனுப்பியிருந்தார். வைக்கிங் என்ற பழைய கடலோடிகளின் கப்பலாம். மரத்தை ஈர்வாளால் அரியாமல் கோடாலியால் பிளந்து, கூரைக்குத் தென்னோலைக் கிடுகு அடுக்குவது போலப் பலகைமேல் பலகை ஏற்றிக் கட்டுவார்களாம். எங்கள் வேலி முள்முருக்கை அக்கா பிளக்க, நான் கண்ணாடித் துண்டால் சுரண்டி மெலிதாக்க, இடைவெளிகளில் இலவம்பஞ்சை அடைத்துக் குங்கிலியம் பூசி, இரண்டு முழ நீளத்தில் ஒரு கப்பல் எழுந்தது. பூவரசில் செதுக்கிய முன்தலை படத்தில் இருந்தபடியே பாம்பாக வந்தது. அதைப் பொருத்த அக்கா ஆணியை எடுத்தபோது அம்மா பார்த்துவிட்டார். பாம்பு அவருக்குச் சாமி.

"நாகதம்பிரான்ர கழுத்திலயோ ஆணி அடிக்கப்போறியள்?"

"அம்மா, இது வெள்ளைக்காரற்ற பாம்பு" என்றார் அக்கா.

"ஆற்ற பாம்பெண்டாலும் அவர்தான். கயிறாலை கட்டுங்கோ. குங்கிலியமும் பூசாதேங்கோ, மூச்சு முட்டும்."

தலைக்குப் பால் வார்த்துச் சந்தனமும் வைத்தார். தும்புக்கயிற்றால் கட்டினோம். பக்கத்து வளவுச் சிவம் வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்து, "கட்டின தலை கழண்டுபோகும். நாளைக்கு எல்லாரையும் கூட்டிக்கொண்டு வாறன், சிரிக்க" என்றான். அன்றிரவு அக்கா சாப்பிடவில்லை.

மறுநாள் குளக்கரையில் பிள்ளைகள் நிறைந்து நின்றார்கள். வெற்றிலையில் கற்பூரம் ஏற்றி உள்ளே வைத்தால்தான் விடலாம் என்றார் அம்மா, வைத்தோம். கப்பல் சரியாமல், ஒரு சொட்டுத் தண்ணீரும் ஏறாமல் மிதந்து போனது. அப்போதுதான் காற்று திரும்பியது. கற்பூரச் சுவாலை பலகையைத் தொட, எண்ணெயும் குங்கிலியமும் ஊறிய கப்பல் நடுக்குளத்தில் திகுதிகுவென்று பற்றிக்கொண்டது. இத்தனை பேரில் ஒருவருக்கும் அது முன்பே தோன்றவில்லை. அம்மா கைகளைத் தலைக்குமேல் குவித்தார். கயிறு எரிந்து, தலை தண்ணீரில் விழுந்து, அலையோடு மெல்ல வந்து அம்மாவின் காலடியில் ஒதுங்கியது. சந்தனம் போயிருந்தது, கரி பிடிக்கவில்லை.

"நான் சொன்னனான், கழண்டதுதானே" என்றான் சிவம்.

"ஓம், கழண்டபடியால்தான் தப்பினார்" என்றார் அக்கா.

மாமாவின் பதில் கடிதத்தில், அந்த நாட்டு அரசர்களைச் சிலவேளை அப்படித்தான் கப்பலோடு எரித்து வழியனுப்புவார்களாம் என்றிருந்தது. அம்மா அதை நம்பவில்லை. "எங்கட ஆள் போகேல்லையே, திரும்பி வந்தவரெல்லோ" என்றார்.

போரில் இடம்பெயர்ந்து ஊர் திரும்பும்வரை அந்தத் தலை அம்மாவின் சேலைக்குள் எங்களோடு வந்தது. இன்று படமும் இல்லை, கடிதமும் இல்லை, அந்த வேலியில் தகரம் நிற்கிறது, அம்மாவும் போய்விட்டார். தலை மட்டும் கிணற்றடி வேம்பின் கீழ் இருக்கிறது. வெள்ளிக்கிழமைகளில் அயலவர்கள் பால் கொண்டுவந்து வைக்கிறார்கள். எங்கிருந்து எடுத்தது என்று புதிதாக வந்த ஒருவர் கேட்டார்.

"தண்ணியாலை வந்தவர்" என்றேன். கற்பூரத்தை மட்டும் சற்றுத் தள்ளி வைக்கச் சொன்னேன்.