குட்டியைப் பறிக்க விடாத ராவுத்தர்

வண்டியூர்த் தெப்பக்குளக் கரையில் பழக்கடை வைத்திருந்த காதர் மைதீன் ராவுத்தர், திருமங்கலத்தில் மகள் வீட்டில் காலமானார். நான் என் குதிரைக்குப் புல் போட்டுக்கொண்டிருந்தபோது சேதி வந்தது. சொன்னவர், "குரங்கு ராவுத்தர் போயிட்டாராம்ல" என்று சிரித்தார். அந்தச் சிரிப்புக்குப் பதில் சொல்லத்தான் இதை எழுதுகிறேன். ஜட்கா ஓட்டிய கை; எழுத்து மெதுவாகத்தான் வரும். வரட்டும்.

கரைக் குரங்குகளில் எது எதோடு சேருகிறது, எது எதற்குப் பேன் பார்க்கிறது என்று அவர் தினமும் எழுதிவைத்தார். சவாரிக்குக் காத்திருக்கும் நேரத்தில் நான் கண்டதையும் கேட்டுக்கொள்வார்; தானும் போய்ப் பார்த்த பிறகே எழுதுவார். "பெரிய கடுவன் கோவமா இருந்துச்சு" என்றேன் ஒருநாள். "கோவத்தையா பாத்தீங்க? பல்லக் காட்டுச்சா, புருவத்தத் தூக்குச்சா? அதச் சொல்லுங்கண்ணே" என்றார்.

ஒரு கோடையில் குட்டி ஒன்று செத்தது. இரண்டு நாளாகியும் தாய் அதை விடவில்லை. மார்போடு அணைத்தபடியே மரம் ஏறினாள். குரங்கு செத்தால் மாலை போட்டு, கொட்டடித்து அடக்கம் செய்வது எங்கள் வழக்கம். தெருக்காரர்கள் மாலையோடு வந்தார்கள். குட்டியைப் பறிக்க வலையும் கொண்டுவந்தார்கள். ராவுத்தர் மரத்தடியில் போய் நின்றுகொண்டார்.

"எங்க சாமி காரியத்துல உமக்கென்னய்யா சோலி?"

"சாமிக்கு மால போடுங்க. தாய்க்கு வல போடாதீங்க."

"நாத்தம் கொடலப் புடுங்குதுய்யா!"

"அவளுக்கு நாறலியே."

கல் ஒன்று அவர் தோளில் பட்டது. அவர் நகரவில்லை. நான் ஜட்காவைக் குறுக்கே நிறுத்தினேன். கொட்டுக்காரர், "சாவுக்கு அடிக்க வந்தேன், சண்டைக்கு இல்லப்பா" என்று கிளம்பிவிட்டார். கொட்டு போனதும் கூட்டமும் கலைந்தது.

சில நாள் கழித்து, ராவுத்தர் தொழப் போயிருந்த நேரம், தாய் குட்டியைப் படிக்கட்டில் வைத்துவிட்டுத் தள்ளிப்போய் உட்கார்ந்தாள். கிழட்டுப் பெண்குரங்கு ஒன்று வந்து அவளுக்குப் பேன் பார்த்தது. ராவுத்தர் திரும்பியதும் சொன்னேன். அவரே போய்த் தெருக்காரர்களை அழைத்து வந்தார். மாலையோடு குட்டி அடக்கமானது.

ஆனால் தாய் குட்டியைக் கீழே வைத்ததை எழுத மட்டும் மறுத்துவிட்டார். "ஒங்க கண்ணு மட்டுந்தான பாத்துச்சு? நான் எழுதுனா அது கேள்விப்பட்ட கத. எழுத்தக் கத்துக்கிட்டு நீங்களே எழுதுங்க."

நரைத்த தலையோடு கற்றேன். 'ஞ' வளைந்து வந்த அன்று, சந்தோஷம் தாங்காமல் குதிரையிடம் சொன்னேன். நான் எழுதிய முதல் வரி: 'குட்டியைக் கீழே வைத்தாள், இரண்டடி போய்த் திரும்பிப் பார்த்தாள்.'

"யுத்தத்துல அரிசிக்கு அலையிறோம், கெழவன் கொரங்குக்கு எழுதுறான்" என்கிறார்கள். சொல்லட்டும். ராவுத்தரிடமிருந்து எனக்கு மிஞ்சியது அந்த மறுப்புதான். நாளையும் கரையில்தான் இருப்பேன். நான் கண்டதை நானே எழுதுவேன்.