பேர் கொடுத்த நாள்

இந்த மலையில் விடியற்காலையில் யாரும் தப்பு அடிப்பதில்லை, கொம்பு ஊதுவதில்லை. "வெள்ளனே வந்துருங்க" என்பார்கள், அவ்வளவுதான். இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் பிறந்து, தலை நரைத்த பிறகு இந்தியாவை முதன்முதலாகப் பார்த்த எங்களுக்கு, வெள்ளனே என்றால் எத்தனை மணி என்று எப்படித் தெரியும்? கொடைக்கானலுக்கு மேலே பூண்டு விளையும் இந்த ஊருக்கு வந்த புதிதில் ஆண்டியப்பன் என்கிற பூண்டுக் காட்டுக்காரர் அப்படித்தான் எங்களை வேலைக்குக் கூப்பிட்டார். இருட்டோடு இருட்டாகப் போய் அவர் வாசலில் ஆண்கள் ஒரு வரிசை, பெண்கள் ஒரு வரிசையாக நின்றோம். கதவைத் திறந்த மனுஷன் பதறிப்போனார். "என்னங்க இது, வரிசையா நிக்கிறீங்க? யாருக்கும் ஏதும் ஆயிப்போச்சா?" என்று கேட்டார். அவர் கணக்கில் வெள்ளனே என்பது மாட்டுக்குத் தண்ணீர் காட்டி, கஞ்சி குடித்து, பனி விலகின பிறகுதான். அன்று ஊரே எங்களைப் பார்த்துச் சிரித்தது, நானும் சேர்ந்து சிரித்தேன்.

அந்தக் கரையில் இருக்கிறவர்களுக்கு இதை விளக்கவேண்டியதில்லை. இங்குள்ளவர்களுக்குச் சொல்கிறேன். தோட்டத்தில் தப்பும் கொம்பும் கேட்டு எழுந்து, விடிந்ததும் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக் களத்தில் போய் நிற்கவேண்டும். கணக்கப்பிள்ளை கேட்கக் கேட்க, கங்காணி தன் கூட்டத்து ஆட்களின் பேரை ஒவ்வொன்றாகக் கொடுப்பார். பேர் விழுந்தால்தான் அன்றைக்கு வேலை, கூலி, அரிசி எல்லாம். விழாவிட்டால் நீ அன்றைக்கு அந்த மலையிலேயே இல்லை. என் வீட்டுக்காரர் பெரியசாமி வெகுகாலம் சில்லறைக் கங்காணியாக இருந்தவர். காய்ச்சலில் கிடந்தாலும் கம்பளியைப் போர்த்திக்கொண்டு போய், தன் ஆட்களின் பேரைக் கொடுத்துவிட்டு வந்துதான் படுப்பார். அவரை நான் ஆயிரம் குறை சொல்வேன், அந்த ஒன்றில் மட்டும் குறை சொல்லமாட்டேன்.

எங்களுக்கு ஒரே மகள், பார்வதி. இரண்டு அரசாங்கமும் ஒப்பந்தம் போட்டு எங்களைப் பங்கு பிரித்தபோது, அவள் எங்களோடு இந்தியாவின் பங்கில் விழுந்தாள். அவள் புருஷன் இலங்கையின் பங்கில் விழுந்தான். அவளுக்கு அங்கே இருக்கக் கொடுத்த விசாவும் முடிந்துபோனது. கைக்குழந்தையையும் அவனையும் விட்டுவிட்டு எப்படி வருவாள்? வரவில்லை. போலீஸ் ஜீப் சத்தம் கேட்டால், குடியிருக்கிற லயத்து வீடுகளுக்குப் பின்னால் கொழுந்துச் செடிக்குள் போய்ப் படுத்துக்கொள்கிறாள். அகப்பட்டால் அப்படியே கூட்டிப்போய்க் கப்பலில் ஏற்றிவிடுவார்கள், பிள்ளையைத் தூக்கிக்கொள்ளக்கூட விடமாட்டார்கள் என்று பேச்சு. துறைமுகத்தில் எங்களை வழியனுப்பவும் அவள் வரவில்லை. வரக்கூடாது என்று நான்தான் சொல்லி அனுப்பியிருந்தேன். அன்றிலிருந்து எந்த வண்டிச் சத்தம் கேட்டாலும் வாசலுக்கு ஓடிவந்து பார்க்கிறேன்.

இந்த நிலையில்தான் கொடைக்கானலில் ஒரு ஆலோசனைக் குழு கூட்டினார்கள். அக்கரையில் மிச்சமிருக்கும் நம் ஆட்களைப் பற்றி அந்த அரசாங்கத்தோடு டெல்லி என்ன பேசலாம் என்று, அங்கிருந்து வந்தவர்களையே கேட்கப் போகிறார்களாம். அங்கே ஓட்டும் இல்லாமல் நாடும் இல்லாமல் கிடந்தவர்களை இங்கே யோசனை கேட்கிறார்கள் என்றால் சும்மாவா! கங்காணியாக இருந்தவர் என்று இவரைக் கூப்பிட்டார்கள். பெண்பிள்ளை ஒருத்தியும் வேண்டும் என்று, தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் அஞ்சாவது படித்த என்னையும் சேர்த்துக்கொண்டார்கள். சந்தோஷத்தைவிட எனக்குப் பயம்தான் அதிகம். பெரிய இடத்தில் வாயைத் திறந்தவன் கதியைத் தோட்டத்தில் கண்ணால் பார்த்தவள் நான்.

பள்ளிக்கூட ஹாலில் எங்களுக்கெல்லாம் நாற்காலி போட்டிருந்தார்கள். ஒருவரும் உட்காரவில்லை, சுவரோரமாக வரிசையில் நின்றோம். வடக்கேயிருந்து வந்த அதிகாரி நல்ல மனுஷன். நாங்கள் நிற்பதைப் பார்த்து, வேறெங்கோ போக அவசரப்படுகிறோம் என்று நினைத்து, சீக்கிரம் முடித்துவிடுகிறேன் என்று மன்னிப்புக் கேட்டார். அவர் இங்கிலீஷில் கேட்டதை மதுரைப் பக்கத்து குமாஸ்தா ஒருவர் தமிழில் சொன்னார். அங்கே மிச்சமிருப்பவர்களை வெரசாக அழைத்துக்கொள்வதா, இல்லை அவகாசம் கேட்பதா என்பதுதான் கேள்வி. நான் முந்தானையை இறுகப் பிடித்துக்கொண்டு, அவகாசம் கேளுங்கய்யா, ஒரே வீட்டில் பாதிப்பேர் அந்த நாட்டுக்காரர், பாதிப்பேர் இந்த நாட்டுக்காரர், பிரித்து அனுப்பாமல் இருக்கச் சொல்லுங்கள் என்று சொல்லிவிட்டேன். அதிகாரி நிமிர்ந்து உட்கார்ந்தார். இதைத்தான் எதிர்பார்த்தாராம். பொத்தாம்பொதுவாகப் பேசினால் அவர்கள் காதில் ஏறாது, ஒரு குடும்பத்தையாவது எடுத்துக்காட்டவேண்டும் என்றார்.

அப்படி நிறைய பேர் இருக்கிறார்கள் ஐயா என்று மட்டும் இழுத்தேன். குமாஸ்தா பேனாவைத் திறந்தபடி, "பேரு சொல்லுங்கம்மா" என்றார்.

பக்கத்தில் நின்ற இவர் ஒரு எட்டு முன்னால் வைத்தார், தலைத்துண்டை எடுத்துக் கக்கத்தில் இடுக்கினார், களத்தில் கொடுக்கிற அதே குரலில் கொடுத்தார்.

"பார்வதி. தகப்பன் பேரு பெரியசாமி. மேல் டிவிசன், பத்தாம் நம்பர் லயம், கடைசிக் காம்பரா."

தோட்டத்தின் பேரையும் சொல்லி முடித்துவிட்டு, வேலை சரியாக நடந்த திருப்தியோடு பின்னால் வந்து வரிசையில் நின்றுகொண்டார். அந்த நேரத்தில் அவர் முகத்தைப் பார்த்த எனக்குக் கத்தவும் முடியவில்லை. குமாஸ்தாவிடம் போய், அதை அடித்துவிடுங்கள் ஐயா, அவளுக்கு விசா இல்லை என்று காதோடு கெஞ்சினேன். அவருக்கு நான் பயப்படுவது புரிந்தது, எதற்குப் பயப்படுகிறேன் என்பது புரியவில்லை.

"பயப்படாதீங்கம்மா. நாங்க அங்க எழுதிக் கேட்டாத்தான உங்க பொண்ணு கெடக்குற கஷ்டம் அவங்களுக்குத் தெரியும்" என்றார்.

எழுதினால் அவர்களுக்குத் தெரியும்! ஐயோ, அதற்குத்தானே நான் பயந்து சாகிறேன். அதற்குள் அதிகாரி எழுந்து எல்லாருக்கும் கும்பிடு போட்டுவிட்டார், டீ வந்துவிட்டது.

திரும்பும் வழியில் இவரைத் திட்டித் தீர்த்தேன். தன் மகளைத் தானே காட்டிக்கொடுத்த மனுஷன் உலகத்தில் உண்டா என்று கேட்டேன். முன்னால் நடந்து வந்தவர் நின்று திரும்பினார். "பேரு குடுக்காட்டி அவ இல்லேன்னுதானே புள்ள ஆகும்?" என்றார். அவருக்குத் தெரிந்த உலகத்தில், பேர் கொடுப்பதுதான் ஒரு தகப்பன் செய்யக்கூடிய காவல். அதற்குப் பிறகு அவர் சரியாகச் சாப்பிடவில்லை.

யோசனை கேட்கிற அரசாங்கத்தை நான் குறை சொல்லவில்லை. கேட்காத அரசாங்கத்தின் கீழ் பாதி ஆயுசைக் கழித்தவள் நான். ஆனால் இதைப் படிக்கிற நம் சனங்களே, நாளைக்கு உங்களையும் கூப்பிடுவார்கள். போங்கள், நாற்காலியில் உட்காருங்கள், நியாயத்தைப் பேசுங்கள். பேரை மட்டும் கொடுத்துவிடாதீர்கள். நாம் சொல்லும் பேர் கடலைத் தாண்டினால் யார் கைக்குப் போகும் என்று நமக்கும் தெரியாது, கேட்கிறவர்களுக்கும் தெரியாது.

போன மாதம் அங்கிருந்து வந்திறங்கிய ஒரு குடும்பம், எங்கள் டிவிசனுக்கு ஜீப் வந்து போனது என்றது. யாரைத் தேடி வந்தது என்று அவர்களுக்குத் தெரியவில்லை. பார்வதியிடமிருந்து ஒரு வரி இல்லை. அக்கரை ஆட்கள் வருகிறார்கள் என்று கேள்விப்பட்டால், ஆண்டியப்பனிடம் சொல்லிக்கொண்டு கொடைக்கானல் பஸ் ஸ்டாண்டுக்குப் போய்விடுகிறேன். வத்தலக்குண்டு பஸ் மலையேறி வருவதற்குள் தெரிந்த சாமியை எல்லாம் கூப்பிட்டு, அவள் இதில் இருக்கக்கூடாது, புருஷன் பிள்ளையோடு அவள் அங்கேயே இருக்கட்டும் என்று வேண்டிக்கொள்கிறேன். தகரப்பெட்டியும் மூட்டையுமாக ஒவ்வொருவராக இறங்குவார்கள். குளிரில் வெலவெலத்துப்போய், எந்தப் பக்கம் போவது என்று தெரியாமல் பஸ்ஸை ஒட்டியே நிற்பார்கள். ஒவ்வொரு முகமாகப் பார்ப்பேன்.

நேற்றும் அப்படித்தான். எல்லாரும் இறங்கி பஸ் காலியானது, பார்வதி இல்லை. என் வேண்டுதல் பலித்துவிட்டது. நான் பஸ்ஸின் படியிலேயே உட்கார்ந்து அழுதேன். கண்டக்டர் வந்து, யாரம்மா வரவேண்டும் என்று கேட்டார். யாரும் வரக்கூடாதுங்க என்றேன். ஏற இறங்கப் பார்த்தார். என் மடியில், அவள் உயரத்துக்கு அளவு பார்த்து நான் வாங்கிய கம்பளிச் சட்டை இருந்தது.